கடைசி மெட்டல் கச்சேரி

மாதா கோயிலில் மூன்று தரம் வாசிக்க வேண்டிய கலியாண அறிவித்தல் இரண்டு தரம் வாசித்தாகிவிட்டது. பாடகர் குழுவில் தலை நிமிராமல் பாடும் மெல்ரோய்தான் மாப்பிள்ளை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். இனித் தப்ப வழியில்லாத ஜெனிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக ஒரு ‘ஹெவி மெட்டல்’ ராக் இசைக் கச்சேரி.

கச்சேரி நடந்த நிலாவெளிக் கடற்கரைக்கு அப்பாவும் காவல் வந்தார். நெரிசலுக்குள் அவள் கையை விடவேயில்லை.

“இதெல்லாம் ஒரு பாட்டே, பிள்ளை? பேய்க் கத்தல்!”

“கத்தல் இல்லையப்பா. வாய் திறக்க விடாட்டி மனுசருக்கு இப்பிடித்தான் வெளியில வரும்.”

மேடையில் முகமூடிக்காரன் அடிவயிற்றிலிருந்து உறுமினான். பாட்டு முடிந்ததும் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான்.

மெல்ரோய்!

அப்பாவின் பிடி இறுகியது. “நட வீட்ட! இந்தக் கலியாணம் நடக்காது.”

ஜெனிதாவின் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது.

“நடக்கும்!”