வெள்ளைப் பொட்டு வைத்த நண்டு

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் ரோஸ்மேரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு தும்முகிறாள். பினாங்கில் கடல் நண்டுகளை ஆராய்கிறவள். மலை நண்டு குளிரில் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வந்து, ஓடையில் நின்று நின்று சளி பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு பீங்கான் கிண்ணத்தை நீட்டுகிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் மிளகும் பூண்டும் மணக்க ஆவி எழும்புகிறது. "நண்டு ரசம், தங்கச்சி. சூடா குடிச்சிரு லா, சளியெல்லாம் ஓடிரும்." கரண்டியால் கிளறும்போது சிவந்த ஓடு ஒன்று புரள்கிறது. அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. ரோஸ்மேரியே வைத்து, வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் விட்டது. "ஐயோ அக்கா, இது என் நண்டு! பின்னால ஓடையிலயா புடிச்சீங்க?" அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "ஒன் ஓடையில நான் ஏன் கை வைக்கிறேன்? மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையில புடிச்சேன்." செவுள் காய்ந்தால் செத்துப்போகும், அதனால் நண்டு ஓடையை விட்டுத் தூரம் போகாது என்ற முடிவோடுதான் நாளை ரோஸ்மேரி பினாங்குக்கு இறங்குவதாக இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க மூடுபனி. தேயிலைச் செடிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த ஈரத்தில் செவுள் எங்கே காயும்? அவள் ஓட்டைக் கழுவி ஜன்னலோரம் வைக்கிறாள். ரசத்தை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, ஈரம் காயாத பூட்ஸை மறுபடி மாட்டுகிறாள்.