நதியா கம்ப்யூட்டர் சர்வீஸ்

சுருளிப்பட்டியில் வீட்டு வாசலிலேயே மருமகள் நதியா தன் பெயரில் போர்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

கொடி வெட்டும் கவாத்துக் கத்தரிப் பெட்டியோடு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிய மாமனார் பால்பாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது.

“எறக்கு அதை! நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரே வாரத்துக்கு ஒருக்கா படுத்துருது. நீ ஊர்ல உள்ளதைச் சரி பண்ணப் போறியாக்கும்?”

“நம்ம வீட்டதையும் நான்தான மாமா சரி பண்றேன்?”

“பன்னெண்டாவது படிச்சவளுக்கு இதெல்லாம் யாரு கத்துக் குடுத்தா?”

“நீங்கதான்.”

“நானா?” என்று பலமாகச் சிரித்தார்.

நதியா ஆணியில் கடைசி அடியை அடித்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

“பரீட்சை எழுதி வேலைக்குப் போயிருவேன்னு, நான் கம்ப்யூட்டர்ல படிக்க உக்காரப் போறப்பல்லாம் அதுக்குள்ள ஒண்ணைக் கழட்டி ஒளிச்சு வச்சீக. ஒரு வாரம் கேபிள், மறுவாரம் ஃபேன். எதைக் காணோம்னு கண்டுபிடிச்சு, தேடி எடுத்து, மாட்டி மாட்டியே தொழில் கத்துக்கிட்டேன்.”

பால்பாண்டியின் சிரிப்பு நின்றது. கை தானாகப் பெட்டியைப் பின்னால் மறைத்தது.

“போர்டு எறங்காது. பெட்டியைத் தொறங்க மாமா. நேத்து கழட்டுன ரேமைக் குடுங்க. கடையில மொத வேலை அதுதான்.”