ஐந்தாவது பொம்மை

"அத்தை, எந்திரிக்க நேரமில்ல. அப்படியே உட்காருங்க. மூச்சு விடாதீங்க."

"மூச்சு விடாம இருக்கறதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்குன்னு நெனச்சேன்டா" என்றாள் மருசோ, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு.

பண்டெலிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் மணி இரண்டாம் முறை அடித்தது.

கிரேக்க நாட்டு இத்ரா தீவின் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கப்பல்காரர் மாளிகைக்கு அவர்தான் காவலாளி. மாளிகை அருங்காட்சியகமாகிப் பதினோரு வருஷம். வீட்டை எழுதிக் கொடுத்த கடைசி வாரிசு, நாற்காலி, நிலைக்கண்ணாடி, பீங்கான் தட்டு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு ஏதென்ஸுக்குப் போய்விட்டார். நாற்பது வருஷம் அங்கே சமைத்துப் போட்ட மருசோ எந்தப் பட்டியலிலும் இல்லை. போக்கிடம் இல்லாதவளைச் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தங்க விட்டவர் பண்டெலிஸ்.

தெரிந்தால் அவர் வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. மருசோவைப் படகேற்றி பிரேயஸ் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். "அங்க போனா ஒரு மாசம் தாங்க மாட்டேன்" என்று அவள் சொன்னது வெறும் பேச்சில்லை என்று அவருக்குத் தெரியும்.

கதவைத் திறந்தார். ஆய்வு அதிகாரி அஸ்பாசியா நின்றிருந்தார்.

பேரைக் கேட்டாலே தீவுக் காவலாளிகள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பக்கத்துத் தீவு மாளிகையில், துவைத்த சட்டையை முற்றத்தில் காயப்போட்ட ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிய அம்மா.

"தொறக்க இவ்வளவு நேரமா?"

"மாடியில இருந்தேன் மேடம். குளிர்காலத்துல யாரும் வர்றதில்லையே."

"அதனாலதான் நான் வர்றேன்."

கூடத்து மேசையை விரலால் தடவிப் பார்த்தார். திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தார். கப்பல் தலைவரின் மெழுகுப் பொம்மைக்கு முன்னால் நின்றார்.

"மீசை ஒரு பக்கம் எறங்கியிருக்கு. சண்டைக்குப் போற மீசையா இது? கல்யாண வீட்டுல குடிச்சிட்டு வந்த மீசை மாதிரி இருக்கு."

"ஒட்டிடறேன் மேடம்."

"மொத்தம் எத்தனை பொம்மை?"

நாலு என்று வாயெடுத்தவர், "அஞ்சு மேடம்" என்றார்.

சமையலறையில், மணி அடித்ததும் அவசரமாக அணைத்த அடுப்பின் பக்கத்தில் முக்காலி. அதன்மேல் கறுப்பு உடையும் தலைத்துணியுமாக மருசோ. ஒரு கையில் வெங்காயம், ஒரு கையில் கத்தி.

அந்தம்மா மூக்கை உறிஞ்சினார். "பீன்ஸ் வேகற வாசனை வருதே?"

"பக்கத்து வீடு மேடம்."

"இந்தப் பக்கம் வீடு ஏது? பாறைதானே இருக்கு?"

"காத்து... சுத்தி வரும் மேடம்."

அந்தம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருசோவின் முகத்தருகே குனிந்தார். அந்த நேரம் பார்த்து வெங்காயம் தன் வேலையைக் காட்டியது. மருசோவின் கன்னத்தில் ஒரு துளி மெல்ல இறங்கியது.

"என்ன இது, பொம்மை அழுவுது?"

"கூரை ஒழுகுது மேடம்."

"சரியா இவ கண்ணுலயா?"

"அந்த எடத்துலதான் மேடம்."

அந்தம்மா மேலே அண்ணாந்து பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார்.

"போய்ப் பதிவேட்டைக் கொண்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

பண்டெலிஸ் படியேறி ஓடினார். மருசோ இருமல்காரி. எவ்வளவு நேரம் அடக்குவாள்? அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாகப் புனித நிக்கோலாஸிடம் வேண்டிக்கொண்டே ஓடினார். பதிவேட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. அதில் நாலு பொம்மைதான் இருந்தது.

திரும்பி வந்தபோது அந்தம்மா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். மருசோ இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தாள். அந்தம்மா பதிவேட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டினார், மூடினார்.

"அறிக்கை தபால்ல வரும்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

"அத்தை, ஏதாவது பேசிச்சா?"

"ஒரு வார்த்தை இல்ல. கையுறையைக் கழட்டிட்டு என் கையைத் தொட்டுப் பாத்துச்சு."

பண்டெலிஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குடா பயப்படற? என் கை எப்பவும் சில்லுனுதானே இருக்கும்? மெழுகுன்னு நெனச்சிருக்கும்."

சொன்னாளே தவிர, அன்றைக்கே தன் நாலு துணியை மூட்டை கட்டி வைத்தாள். அதன் பிறகு படகு ஊதும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, படியில் யாராவது ஏறி வருகிறார்களா என்று காது கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. பண்டெலிஸ் சத்தமாகப் படித்தார்.

"ஒன்று. கூடத்துத் திரைச்சீலையை மாற்றவும். இரண்டு. கப்பல் தலைவரின் மீசையை ஒட்டவும். மூன்று. சமையலறைக் கூரையைப் பரிசோதித்தேன். ஒழுகவில்லை."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. மருசோ மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்தையும் படிடா. எந்தப் படகுன்னு போட்டிருக்கா?"

"நான்கு. ஐந்தாவது பொம்மை பதிவேட்டில் விடுபட்டிருந்தது, சேர்த்துவிட்டேன். எக்காரணம் கொண்டும் அதை அங்கிருந்து இடம் மாற்றக் கூடாது. கைகள் மிகவும் சில்லிட்டிருக்கின்றன; குளிர்காலம் முடியும் வரை சமையலறை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது காவலாளியின் பொறுப்பு."