வரிசை தாண்டியவர்

யுகேந்திரனுக்கு வயிறு எரிந்தது. திங்கட்கிழமை கணினி வரிசையில் போட்ட வேலை, வியாழன் காலையிலும் போட்ட இடத்திலேயே நின்றது.

பல்கலைக்கழகத்தில் இருப்பது ஒரே ஒரு ராட்சதக் கணினி. அதற்கு ஆராய்ச்சியாளர்கள் எண்பது பேர். யாருடைய வேலை முதலில் ஓட வேண்டும் என்று வரிசை கட்டுவது ஒரு மென்பொருள். கணினியை அதிகம் வாட்டியவரைப் பின்னுக்குத் தள்ளும், தொடாதவரை முன்னால் விடும். அதற்கு மாமன், மச்சான் கிடையாது. அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் இந்த ரபீக்? நேற்று மதியம் வேலையைப் போட்டான். மாலைக்குள் முடித்துக்கொண்டு விசிலடித்தபடி போய்விட்டான்.

ரபீக்கின் வாப்பாவுக்கு வளாக வாசலில் சாப்பாட்டுக் கடை. அங்கிருந்து தினமும் காலையில் ஒரு ரொட்டி சானாய்ப் பொட்டலம் கணினி நிர்வாகி வாசுகியின் மேசைக்குப் போகிறது. யுகேந்திரன் மோப்பத்திலேயே வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டான்.

பத்து பாகாட் என்ற ஊரின் வெள்ளக் கணிப்பை அவன் நாளைக் காலை ஆய்வுக் குழுவின் முன் வைத்தாக வேண்டும். முடிவு கையில் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். மூன்று வருட உழைப்பு ஆற்றோடு போய்விடும். பயமும் ஆத்திரமும் சேர்ந்து அவனை வாசுகியின் அறைக்குள் தள்ளின.

மேசையில் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"அக்கா, இது நியாயமா? நான் நாலு நாளா காத்துக் கிடக்கிறேன். நேத்து வந்த ரபீக் எப்படி முன்னால போறான்? ரொட்டி சானாய்க்கு இவ்ளோ பவரா? டைரக்டர்கிட்ட போகட்டுமா?"

வாசுகி குழம்பில் தோய்த்த துண்டை நிதானமாக மென்று முடித்தார்.

"காசு கொடுத்துத்தான் சாப்பிடுறேன்லா. அவனோடது அரை மணி நேர வேலை தம்பி. பெரிய வேலைங்களுக்கு நடுவுல இடம் கெடைச்சா, சாஃப்ட்வேரே அதை உள்ள விட்டுரும்."

"சும்மா சமாளிக்காதீங்க!"

"சரி, உங்க வேலையோட நம்பரைச் சொல்லுங்க."

யுகேந்திரன் மனப்பாடமாக ஒப்பித்தான். நான்கு நாட்களாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வாசுகி எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. இதை நிறுத்தி வச்சதே நான்தான்."

"பாத்தீங்களா! நீங்களே ஒத்துக்கிட்டீங்க!" என்று வெற்றிக் குரலில் கத்தினான் யுகேந்திரன்.

"இது உங்க பழைய சூப்பர்வைசர் விஜயன் சார் பேர்ல போட்ட வேலை. அவரு ரிட்டையராகி ரெங்கம் ஊர்ல ஆடு வளர்க்கிறாரு. ஆறு மாசமா கம்ப்யூட்டரைத் தொடல, அதனால வரிசையில அவர்தான் முதல் ஆளு. திங்கக்கிழமை திடீர்னு அவர் பேர்ல வேலை வந்து நிக்குது."

வாசுகி புன்னகைத்தார்.

"யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியல தம்பி. நிறுத்தி வச்சா, ஏன் ஓடலன்னு சண்டை போட ஆளே தேடி வரும்னு காத்திருந்தேன்."