காலனி என்று இருந்தால்

“ஒரு இஃப், ஒரு எல்ஸ். இதுக்கு எதுக்கும்மா காலைல இருந்து உட்கார்ந்திருக்க?”

ஆனந்தகுமார், புரோகிராம் எழுதும் ஏஞ்சலுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சின்ன காஞ்சிபுரத்தில், பட்டுக்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் அந்த சாஃப்ட்வேர் ஆபீசுக்கு அவர்தான் முதலாளி. கூடவே வீட்டுத் தரகர் வேணுகோபாலும் வந்து நின்றார். டவுனில் பாதி வாடகை வீடுகள் அவர் மூலமாகத்தான் கைமாறும். அதற்கு இப்போது ஒரு வெப்சைட் வேண்டுமாம்.

அவர் கேட்ட கண்டிஷன் இதுதான். வீடு கேட்பவரின் முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால், ‘வீடு காலி இல்லை’ என்று பதில் போக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் போன் நம்பர்.

“நேர்ல சொன்னா சண்டைக்கு வராங்க சார். கம்ப்யூட்டர் சொன்னா யாரு கேக்கப் போறாங்க?” என்று சிரித்தார் வேணுகோபால்.

ஏஞ்சல் எழுந்து, முதலாளியை வராந்தாவுக்கு அழைத்தாள்.

“என்னால முடியாது சார். நானே காலனியில இருந்துதான் வந்துக்கினு இருக்கேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுத்தீங்களா?”

“இந்த ஆர்டர் போச்சுன்னா ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான். ரோஷமெல்லாம் வீட்டோட வச்சுக்க. போய் எழுது.”

இந்த ஆளுக்கு எங்கே வலிக்கப் போகிறது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஏஞ்சல் எழுதி முடித்தாள்.

“வேலை செய்யுதான்னு பாத்துடலாம். ஏதாவது ஒரு காலனி அட்ரஸ் போடும்மா” என்றார் வேணுகோபால்.

அவளுக்கு நினைவில் வந்தது அவள் வீட்டு முகவரிதான். விரல் எழவில்லை.

ஆனந்தகுமார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். கதவு எண், காலனியின் பெயர், ஓரிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பின்கோடு என்று தடங்கலே இல்லாமல் தட்டினார். திரையில் ‘வீடு காலி இல்லை’ என்று வந்து நின்றது.

“பிரமாதம்! நம்மாளு நம்மாளுதான் சார்!” ஆனந்தகுமாரின் தோளைத் தட்டிவிட்டு வேணுகோபால் படியிறங்கிப் போனார்.

ஏஞ்சலுக்குப் பொறுக்கவில்லை. “விளையாட்டுக்குக்கூட அப்படி ஒரு அட்ரஸைப் போட உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு? யாரு வீடு அது?”

ஆனந்தகுமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க வீடுதாம்மா. எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்குது.”