நாலு கிலோ ஈயம்

யூஜினி செய்தது பச்சைக் களவு. அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை.

விபூதிப் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் உதிரும் முன்பே அவள் காரியத்தில் இறங்கிவிட்டாள். வலையில் கட்டுவதற்காகக் கணவன் றொபி வாங்கி வைத்திருந்த ஈயக் குண்டுகளில் நாலு கிலோவை அளந்து எடுத்தாள். பழைய சீலைத் துண்டுக்குள் வரிசையாக வைத்துத் தைத்து, சட்டைக்குள்ளே இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். பிறகு நிறைமாதக்காரி போல அசைந்து அசைந்து இன்னாசிப்பிள்ளை முதலாளி மீன் வாங்கி விற்கும் கொட்டிலான வாடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே தலவிலக் கரைப் பெண்கள் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். மாதர் சங்கத்தின் மெலியும் போட்டி. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் முடியும்போது யார் அதிகம் நிறை குறைந்திருக்கிறாளோ, அவளுக்கு முதலாளி சொந்தச் செலவில் ஒரு தையல் மெஷின் கொடுப்பார். ஆள் ஏறி நிற்கக்கூடிய டிஜிட்டல் தராசும் அந்தக் கரையில் அவரிடம்தான் இருந்தது. மற்ற நாட்களில் அதில் ஊரார் அவருக்கு விற்கும் மீன் பெட்டிகள் ஏறும்.

யூஜினி ஏறினாள். எண்பத்திரண்டு.

"பாத்தா அவ்வளவு தெரியுதில்லையே அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு டயனா.

"எனக்கு எலும்பு கனம், தங்கச்சி."

அந்த மெஷினுக்காக யூஜினி எந்தப் பாவத்தையும் செய்யத் தயாராக இருந்தாள். ஊர்ப் பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போடும் சட்டைகளைக் கையாலேயே தைத்துத் தைத்து அவளுடைய விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். மெஷின் மட்டும் கிடைத்தால் சோறே வேண்டாம் என்று நினைத்தாள்.

சோறு வேண்டாம் என்ற நினைப்பு இரண்டு நாள் நின்றது. முதல் நாள் இலைக் கஞ்சி குடித்தாள். இரண்டாம் நாள் வெந்தயத் தண்ணீர். மூன்றாம் நாள், கடற்கரை மணலில் டயனா வியர்த்து வழிய நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே, சந்திக் கடையில் நின்று இரண்டு ரோல் தின்றாள். தபசு காலம் ஆயிற்றே, இறைச்சி ரோலைத் தொடவில்லை. மீன் ரோல்தான்! ஈயம் அவிழ்த்த கணக்கில் நாலு கிலோ குறைந்தாயிற்று, பிறகு எதற்கு நடையும் பட்டினியும்?

வீட்டில் றொபிக்குத்தான் முகம் விழுந்து கிடந்தது.

"வாடிக்குப் பெட்டி நிறையத்தான் கொண்டு போறன், தராசுல நிறை வருதில்ல" என்று சலித்துக்கொள்வான். "தபசு காலத்துக்கு மீனும் நம்மளப் போல சாப்பிடாம ஒருசந்தி பிடிக்குதோ தெரியா."

"பிடிக்கும், பிடிக்கும்" என்பாள் யூஜினி, வாய்க்குள் கட்லட்டை வைத்துக்கொண்டு.

ஈஸ்டர் நெருங்க நெருங்க அவள் சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு சட்டையிலும் கொக்கி எட்டவில்லை. அந்தப் பக்கம் டயனாவுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. நாலு கிலோ ஈயம் போதாமல் போய்விடுமோ என்று பயந்து, பயத்தில் இன்னும் இரண்டு ரோல் தின்றாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் வாடியில் ஒரே கூட்டம். முதலாளி தராசைத் துடைத்துவிட்டார்.

"விபூதிக்கு அடுத்த கிழமைதான் டவுனால ஆள் வந்து இதைச் சரிபாத்தவன். ஒரு கிராம் பிசகாது!"

பிசகவில்லை. ஏறியவர்கள் எல்லாரும் மெலிந்திருந்தார்கள்! இரண்டாம் கிழமையே போட்டியைக் கைவிட்ட கத்தரினா சும்மா ஏறிப் பார்த்தாள். அவளுக்கே ஆறு கிலோ குறைவு. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். டயனாவுக்கு ஒன்பது கிலோ. யூஜினி சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏறினாள்.

எழுபத்திரண்டு. பத்துக் கிலோ!

"புனித அன்னம்மாளே!" என்று அலறிவிட்டாள்.

"இது களவு!" டயனா பாய்ந்து முன்னால் வந்தாள். "இவ ரோல் தின்னுறதை நான் என்ட கண்ணால பாத்தன். ஆஸ்பத்திரித் தராசுல ஏத்திப் பாப்பம், வாங்க!"

யூஜினி அவசரமாகத் தராசை விட்டு இறங்கினாள். நல்ல வேளையாக முதலாளி குறுக்கே வந்தார். பாவம், மனுசனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"ஆஸ்பத்திரி என்னத்துக்குப் பிள்ளை? நல்ல நாளில சண்டை வேணாம். பரிசு யூஜினிக்கு. உனக்கும் ஒரு மெஷின் வாங்கித் தாறன், போதுமா?"

என்ன தாராள மனசு! பெண்கள் கைதட்டினார்கள்.

மெஷினை வீட்டு மேசையில் வைத்து அழகு பார்த்த பிறகுதான் யூஜினிக்கு மனம் உறுத்தத் தொடங்கியது.

"இஞ்சேருங்க, நான் ஒரு பாவம் செஞ்சிட்டன்" என்று றொபியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஈயம், சீலைத் துண்டு, ரோல், கட்லட், ஒன்றையும் விடவில்லை.

றொபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான்.

"ஈயம் நாலு கிலோ. மிச்சம் ஆறு?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல. சட்டையெல்லாம் முந்தியை விட இறுக்கம்."

"தராசைச் சரிபாக்க ஆள் வந்தவன் எண்டு சொன்னியே, எப்ப வந்தானாம்?"

"விபூதிக்கு அடுத்த கிழமை."

றொபி சட்டையை மாட்டிக்கொண்டு, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டபடி வாடியை நோக்கி ஓடினான்.

நாற்பது நாளாக அந்தத் தராசில் ஏறிய அவர்களுடைய மீன்களும், யூஜினியைப் போலவே, ஒரு நாள்கூட ஒருசந்தி பிடிக்காமல் மெலிந்திருந்தன.