புதுத் தார்

அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலிக்கயிறு பச்சை மஞ்சளாகக் கிடந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் என்று அழகுமலை நினைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் முப்பது வயது தாண்டியிருக்கும். காலம் தாழ்ந்து கூடி வந்த கல்யாணம் போலிருக்கிறது.

அவள் பனைமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். அவன் மட்டும் வெள்ளாற்றங்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த மூன்று படகுகளையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஆத்துல வலை வீசத்தானே தம்பி?"

"ஆமாண்ணே. ஒத்த ஆளு. மணல்திட்டு வந்தா எறங்கி இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கணும்."

"அப்ப இதப் பாருங்க." அழகுமலை முதல் படகைத் தட்டிக் காட்டினார். "நல்ல அகலம். நின்னு வீசுனாலும் சாயாது. பொஞ்சாதியக் கூட ஒக்கார வச்சுக்கங்க. மீன் படலைன்னா பழியத் தூக்கிப் போட ஒரு ஆளு வேணும்ல."

அவன் சிரிக்கவில்லை. முதல் படகைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். மூன்றாவதன் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

அதன்மேல் முழுக்கப் புதுத் தார் பூசியிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு முன்பலகையைத் தடவினான். ஓரிடத்தில் மரம் செதுக்கி எடுக்கப்பட்டு லேசாகப் பள்ளமாயிருந்தது. விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

அங்கே பழைய சொந்தக்காரன் அடையாளத்துக்கு வெட்டிய சூலக்குறி ஒன்று இருந்தது. உளி வைத்து அதைச் செதுக்கி எடுத்தவர் அழகுமலைதான்.

முன்வருஷத்து ஐப்பசி வெள்ளத்தில், ஆளில்லாமல் மிதந்து போய் முகத்துவாரத்துத் தாழம்புதரில் செருகிக் கிடந்த படகு அது. அதில் போனவனைத் தேடி மேற்கேயிருந்து வந்தவர்கள் படகைப் பார்த்ததும் அழுதுவிட்டு, அதை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஆளைக் காவு வாங்கின படகை இந்த ஆற்றில் மறுபடி இறக்க மாட்டார்கள். மணலில் கிடந்து மக்க வேண்டியதுதான். அடுப்பெரிக்கக்கூட யாரும் அதில் ஒரு சிராய் எடுக்க மாட்டார்கள்.

அழகுமலை வண்டி பிடித்து அதைக் கொண்டுவந்துவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் அவரிடம் இனி ஒருவரும் ஒரு துடுப்புக்கூட வாங்க மாட்டார்கள். படகு வாங்கி விற்பதைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"இது எங்கிட்டு வாங்குனதுண்ணே?"

"கெழக்க, மணமேக்குடிப் பக்கம். ஒருத்தரு வயக்காட்டு வேலைக்குப் போயிட்டாரு. படகு வேணாம்னுட்டாரு."

அவன் மறுபடி அந்தப் பள்ளத்தைத் தடவினான். அழகுமலை பேச்சை மாற்றினார்.

"கையெல்லாம் காச்சுப் போயிருக்கே தம்பி. எங்க வேல?"

"சிலோன்ல இருந்தேன். போன வாரந்தான் கப்பல்ல வந்தேன்." அவன் எழுந்தான். "இதுல கொறை ஏதும் உண்டாண்ணே?"

அழகுமலை ஆற்றைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"அப்ப இதையே எடுத்துக்கிறேன்."

"மொதப் படகையே கொண்டு போங்களேன். இதோட வெலைக்கே தாரேன். அதுதான் நல்ல ஒறுதி."

"வேணாண்ணே. இது போதும்."

இரண்டு பேருமாகப் படகைப் புரட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது. அவன் முழங்காலளவு நீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டான்.

"செவந்தி, வா. அக்கரைக்கு இதுலயே போயிருவோம்."

அவள் மெதுவாக இறங்கி வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தண்ணீரைக் கண்டு பயப்படுகிறாள் என்று அழகுமலைக்குப் பட்டது. அவள் படகின் விளிம்பைப் பிடித்து ஒரு காலைத் தூக்கியபோது அந்த மஞ்சள் கயிறு முன்னால் சரிந்து ஆடியது.

அழகுமலையால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"ஏறாத ஆத்தா," என்றார். "தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய்யி. இது ஆள வாங்குன படகு. முன்வருசம் வெள்ளத்துல மீன் புடிக்கப் போனவன் ஒருத்தன் இதுலருந்துதான் தண்ணியோட போயிட்டான். தாரப் பூசி மறைச்சுப்புட்டேன். இந்தப் புள்ள கழுத்துல இப்பத்தான் கயிறு ஏறியிருக்கு. அந்தப் பாவம் எனக்கு வேணாம். நீங்க ஊரெல்லாம் சொல்லுங்க, பரவாயில்ல. இதுல மட்டும் போகாதீங்க."

அவன் கோபப்படுவான், கையை ஓங்குவான் என்று அழகுமலை எதிர்பார்த்தார். அவன் படகின் விளிம்பை விடாமல் அப்படியே நின்றான்.

"அந்த ஆளோட பொணம் கெடச்சுதாண்ணே?"

"எங்க கெடைக்க? அந்த வெள்ளத்துல கடலுக்குப் போயிருக்கும்னு சொன்னாங்க."

செவந்தி படகில் ஏறி, வழக்கமான இடம்போலப் பின்பலகையில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாய்விட்டு அழுதாள்.

அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு அழகுமலையைத் திரும்பிப் பார்த்தான்.

"இவ அறுத்த கயித்த மறுபடி கட்டியிருக்கேன். கடலுக்குத்தாண்ணே போனேன். சாகலை."